இன்சுலின் போட்டும் பூனையின் சர்க்கரை குறையவில்லையா? காரணம் மூளைக்கு அடியில் இருக்கலாம்

காலையில் ஓர் ஊசி. இரவில் ஓர் ஊசி. சாப்பாட்டை அளந்து வைக்கிறீர்கள். நொறுக்குத் தீனியையும் நிறுத்தியாச்சு.

ஆனாலும் பூனையின் ரத்தச் சர்க்கரை இறங்க மாட்டேன் என்கிறது. மருத்துவர் இன்சுலின் அளவைக் கூட்டுகிறார். இரண்டு வாரம் கழித்து மறுபடியும் கூட்டுகிறார்.

"நான்தான் ஊசியைச் சரியாகப் போடவில்லையோ?" என்ற எண்ணம் வருவது இயல்பு.

ஆனால் தவறு உங்களுடையதாக இல்லாமலும் இருக்கலாம். நீரிழிவு உள்ள சில பூனைகளுக்கு உண்மையான பிரச்சினை கணையத்தில் இல்லை. மூளைக்கு அடியில் இருக்கும் ஒரு சின்னஞ்சிறு சுரப்பியில் வளரும் கட்டியில் இருக்கிறது. அந்தக் கட்டிக்குக் கதிரியக்கச் சிகிச்சை கூடக் கொடுக்கிறார்கள்.

"பூனைக்குக் கதிரியக்கச் சிகிச்சையா?" என்று கேட்கலாம். ஆமாம், பூனைக்குத்தான்!

சிங்கப்பூரில் 2024 செப்டம்பர் 1ஆம் தேதி முதல் வீவக வீடுகளில் உரிமம் பெற்று இரண்டு பூனைகள் வரை வளர்க்கலாம். இன்று குட்டியாக வீட்டுக்கு வரும் பூனைக்கும் ஒருநாள் வயதாகும். நடுத்தர வயதைத் தாண்டிய பூனைகளுக்கு வரும் நோய்களில் நீரிழிவும் ஒன்று. அதனால் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

முதலில் அடிப்படை: பூனைக்கு நீரிழிவு ஏன் வருகிறது?

மனிதர்களுக்கு வரும் இரண்டாம் வகை நீரிழிவைப் போன்றதுதான் பெரும்பாலான பூனைகளுக்கும் வருகிறது. உடல் பருமன், ஓடியாடாமல் வீட்டுக்குள்ளேயே இருப்பது, வயது ஆகியவை முக்கியக் காரணங்கள். ஆண் பூனைகளுக்கு வாய்ப்பு கூடுதல்.

அறிகுறிகள் உங்களுக்குப் பழக்கமானவையாக இருக்கலாம். வீட்டில் தாத்தா பாட்டிக்கு இருப்பவைதான்:

• அடிக்கடி தண்ணீர் குடிப்பது
• அடிக்கடி சிறுநீர் கழிப்பது
• நன்றாகச் சாப்பிட்டும் எடை குறைவது

இதில் ஒரு நல்ல செய்தி உண்டு. சீக்கிரமே இன்சுலினைத் தொடங்கி, மாவுச்சத்து குறைந்த உணவையும் கொடுத்தால், சில பூனைகளுக்குச் சில மாதங்களில் இன்சுலினே தேவைப்படாமல் போகும். இதை மருத்துவர்கள் 'நோய்த் தணிவு' என்கிறார்கள்.

அது எல்லாப் பூனைகளுக்கும் நடப்பதில்லை. சில பூனைகளுக்கு எவ்வளவு இன்சுலின் கொடுத்தாலும் போதுவதில்லை. அங்கேதான் பிட்யூட்டரி சுரப்பியைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கிறது.

பிட்யூட்டரி கட்டிக்கும் சர்க்கரைக்கும் என்ன சம்பந்தம்?

பிட்யூட்டரி மூளையின் அடிப்பகுதியில் தொங்கிக்கொண்டிருக்கும் சுரப்பி. பூனைக்கு அதன் உயரம் சுமார் 3 மில்லிமீட்டர்தான். ஆனால் தைராய்டு, அட்ரினல், இனப்பெருக்கம், உடல் வளர்ச்சி என்று பலவற்றுக்கும் அங்கிருந்துதான் கட்டளை போகிறது.

அந்தச் சுரப்பியில் சில நேரம் ஒரு கட்டி வளரும். பெரும்பாலும் அது பரவும் புற்றுநோய் அல்ல. மெதுவாக வளரும் சாதாரணக் கட்டிதான். ஆனால் அது சும்மா இருப்பதில்லை. வளர்ச்சி ஹார்மோனை அளவில்லாமல் சுரந்துகொண்டே இருக்கும்.

இதனால் இரண்டு விஷயங்கள் நடக்கின்றன.

ஒன்று: வளர்ச்சி ஹார்மோன் இன்சுலினை வேலை செய்ய விடாது. இன்சுலின் என்பது உயிரணுவின் கதவைத் திறந்து சர்க்கரையை உள்ளே விடும் சாவி என்பார்கள். இங்கே சாவி சரியாகத்தான் இருக்கிறது. பூட்டில்தான் யாரோ சுவிங்கத்தை ஒட்டிவிட்டார்கள். எத்தனை சாவி போட்டாலும் திறக்காது.

இரண்டு: வளர்ச்சி ஹார்மோன் கல்லீரலைத் தூண்டி ஐஜிஎஃப்-1 என்ற இன்னொரு ஹார்மோனைச் சுரக்க வைக்கிறது. அது எலும்பையும் உறுப்புகளையும் தொடர்ந்து வளரச் செய்கிறது. இதயம், சிறுநீரகம், கல்லீரல் எல்லாம் பெரிதாகலாம்.

இந்த நோய்க்கு அக்ரோமெகலி என்று பெயர். மனிதர்களுக்கும் வரும். மல்யுத்த ரசிகர்கள் அறிந்த 'ஆண்ட்ரே த ஜயண்ட்' இந்த நோயோடு வாழ்ந்தவர்தான்.

இது அரிய நோயா?

அப்படித்தான் மருத்துவர்கள் நீண்டகாலம் நினைத்தார்கள். லண்டனில் உள்ள ராயல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆய்வுக் குழு 2015ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு அந்த எண்ணத்தை மாற்றியது.

பிரிட்டனில் நீரிழிவு உள்ள 1,221 பூனைகளின் ரத்தத்தைச் சோதித்தார்கள். அவற்றுள் 319 பூனைகளுக்கு ஐஜிஎஃப்-1 அளவு மிக அதிகமாக இருந்தது. அந்தப் பூனைகளில் 63க்கு மேலும் பரிசோதனை செய்தபோது, கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும் பிட்யூட்டரி கட்டி இருந்தது தெரியவந்தது.

அதை வைத்து அவர்கள் சொன்ன கணக்கு: பிரிட்டனில் நீரிழிவு உள்ள பூனைகளில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கு இந்த நோய் இருக்கலாம். சுவிட்சர்லந்திலும் நெதர்லந்திலும் பின்னர் செய்யப்பட்ட ஆய்வில் விகிதம் அதைவிடக் குறைவு. ஆனாலும் அங்கும் ஆறில் ஒன்றுக்கு மேல்.

இன்னொரு தகவலும் முக்கியம். பிரிட்டன் ஆய்வில் கால்நடை மருத்துவர்களிடமும் முன்கூட்டியே கேட்டார்கள்: "இந்தப் பூனைக்கு அக்ரோமெகலி இருக்கும் என்று பலமாகச் சந்தேகிக்கிறீர்களா?" ஆம் என்றவர்கள் 24 விழுக்காட்டினர் மட்டுமே.

அதாவது, பார்த்தவுடன் கண்டுபிடிக்கும் நோய் இல்லை இது. மருத்துவர் கண்ணுக்கே தப்புகிறது என்றால், வீட்டில் இருக்கும் நாம் கவனிக்கவில்லையே என்று வருத்தப்படத் தேவையில்லை.

வீட்டில் எதைக் கவனிக்கலாம்?

முக்கியமான துப்பு எடை. நீரிழிவு கட்டுக்குள் இல்லாத பூனை பொதுவாக மெலியும். சர்க்கரை உச்சத்தில் இருந்தும் உங்கள் பூனை எடை கூடிக்கொண்டே போனால் அது சாதாரணமில்லை.

மற்ற அறிகுறிகள்:

• முகம் அகலமாவது, கீழ்த்தாடை முன்னுக்கு வருவது
• பல்லுக்குப் பல் இடைவெளி விழுவது
• பாதங்கள் பெரிதாவது
• வயிறு உப்புவது
• முன்பு இல்லாத குறட்டை
• எப்போது பார்த்தாலும் பசி

முக மாற்றம் மெதுவாக நடக்கும். தினமும் பார்க்கும் முகம் என்பதால் நமக்குத் தெரியாது. மூன்று நான்கு ஆண்டுகளுக்கு முன் கைத்தொலைபேசியில் எடுத்த படத்தை இன்றைய படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டையும் மருத்துவரிடமும் காட்டுங்கள்.

மருத்துவர்களைப் பொறுத்தவரை இன்சுலின் அளவும் ஒரு துப்பு. நீரிழிவு உள்ள பல பூனைகளுக்கு ஒரு வேளைக்கு 1 முதல் 3 யூனிட் போதும். ஒரு கிலோ எடைக்கு 1.5 யூனிட்டுக்கு மேல் தேவைப்பட்டால், அதாவது 6 கிலோ பூனைக்கு ஒரு வேளைக்கு 9 யூனிட்டைத் தாண்டினால், இன்சுலின் ஏன் வேலை செய்யவில்லை என்று தேடத் தொடங்குவார்கள்.

தேடலில் முதலில் எளிய காரணங்களைப் பார்ப்பார்கள். இன்சுலின் கெட்டுப்போயிருக்கிறதா? ஊசிக்குழாய் சரியான வகையா? வாயில், சிறுநீர்ப்பையில் கிருமித்தொற்று உண்டா? வேறு நோய்க்கு ஸ்டீராய்டு மருந்து கொடுக்கிறீர்களா? இவையெல்லாம் இல்லை என்றால்தான் அடுத்த கட்டம்.

எப்படி உறுதிசெய்வார்கள்?

முதல் படி ஒரு ரத்தப் பரிசோதனை. ஐஜிஎஃப்-1 அளவு ஒரு மில்லிலிட்டருக்கு 1,000 நானோகிராமைத் தாண்டினால் சந்தேகம் வலுக்கும்.

இதில் நேரமும் முக்கியம். இன்சுலின் தொடங்கும் முன்பே சோதித்தால் அளவு பொய்யாகக் குறைவாக வரலாம். அதனால் இன்சுலின் தொடங்கிச் சுமார் 6 முதல் 8 வாரம் கழித்துச் சோதிப்பது வழக்கம். முன்பே சோதித்து "ஒன்றுமில்லை" என்று வந்திருந்தால், மறுபடியும் சோதிக்க வேண்டுமா என்று கேளுங்கள்.

அடுத்தது மயக்க மருந்து கொடுத்து எடுக்கும் சிடி அல்லது எம்ஆர்ஐ ஸ்கேன். சிறிய கட்டிகள் சிடி ஸ்கேனில் தெரியாமல் போவதும் உண்டு. லண்டன் ஆய்விலேயே சில கட்டிகள் எம்ஆர்ஐ எடுத்த பிறகுதான் தெரிந்தன.

கதிரியக்கச் சிகிச்சை என்ன செய்கிறது?

மனிதர்களுக்குப் பயன்படும் அதே வகைக் கருவிதான். பூனையை மயக்கத்தில் ஆழ்த்தி, தலை துளியும் அசையாதபடி வைத்து, சக்திவாய்ந்த எக்ஸ் கதிர்களைப் பல கோணங்களில் இருந்து கட்டியை நோக்கிச் செலுத்துவார்கள். ஒவ்வொரு கதிரும் தனியாகப் பலவீனமானது. எல்லாம் சந்திக்கும் இடத்தில், அதாவது கட்டியில், தாக்கம் உச்சத்தில் இருக்கும். சுற்றியுள்ள மூளைப் பகுதி கூடியவரை தப்பும்.

பழைய முறையில் சிறுசிறு அளவாகப் பல வாரங்களுக்குக் கொடுப்பார்கள். ஒவ்வொரு முறையும் மயக்க மருந்து வேண்டும். வயதான, இதயமும் பலவீனமான பூனைக்கு அது பெரிய சோதனை. இப்போது 'ஸ்டீரியோடாக்டிக்' எனும் துல்லிய முறை வந்திருக்கிறது. ஒன்று முதல் ஐந்து முறைக்குள் சிகிச்சை முடிந்துவிடும்.

கதிர் பட்டவுடன் கட்டி மறைந்துவிடாது. கதிர்கள் கட்டியில் உள்ள உயிரணுக்களின் மரபணுவைச் சேதப்படுத்துகின்றன. அந்த உயிரணுக்கள் பிரிய முயலும்போதுதான் சாகின்றன. இது மெதுவாக வளரும் கட்டி. அதனால் மெதுவாகத்தான் சுருங்கும். பலன் தெரிய வாரங்களும் ஆகலாம், மாதங்களும் ஆகலாம்.

பலரும் கேட்கும் கேள்வி: வீட்டுக்கு வந்த பூனையிடமிருந்து நமக்குக் கதிரியக்கம் வருமா?

வராது. வெளியிலிருந்து கதிர் பாய்ச்சும் முறை இது. கருவியை நிறுத்தியதும் கதிரும் நின்றுவிடும். தைராய்டு அதிகமாகச் சுரக்கும் பூனைகளுக்குக் கதிரியக்க அயோடின் ஊசி போட்டு, சில நாள் தனிமைப்படுத்தி வைப்பார்கள். அது வேறு, இது வேறு.

பலன் எவ்வளவு?

அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் துல்லியக் கதிரியக்கச் சிகிச்சை பெற்ற 53 பூனைகளைப் பற்றிய ஆய்வு 2018ஆம் ஆண்டு வெளியானது. அவற்றுள் 41 பூனைகளின் இன்சுலின் விவரங்கள் கிடைத்தன.

• 39 பூனைகளுக்கு இன்சுலின் தேவை குறைந்தது
• 13 பூனைகளுக்கு இன்சுலினையே நிறுத்த முடிந்தது
• அந்த 13இல் 5 பூனைகளுக்கு நீரிழிவு திரும்பி வந்தது, 8 பூனைகளுக்கு வரவில்லை
• இன்சுலின் தேவை ஆகக் குறைவான நிலைக்கு வர எடுத்த இடைநிலைக் காலம் 9.5 மாதம்
• சிகிச்சைக்குப் பிறகு வாழ்ந்த இடைநிலைக் காலம் 1,072 நாள், அதாவது கிட்டத்தட்ட மூன்று ஆண்டு

இந்த எண்களை எப்படிப் புரிந்துகொள்வது?

இன்சுலின் தேவை குறையும் வாய்ப்பு மிக அதிகம். ஊசியே வேண்டாம் என்ற நிலை வருவது மூன்றில் ஒன்றுக்கும் குறைவு. அது நிலைப்பது 41இல் 8, அதாவது ஐந்தில் ஒன்று.

ஆகவே 'இனி ஊசியே வேண்டாம்' என்ற எதிர்பார்ப்போடு போனால் ஏமாற்றம் வரலாம். 'சர்க்கரை கட்டுக்குள் வரும், கட்டி மூளையை அழுத்தாது, பூனை இன்னும் சில காலம் நன்றாக வாழும்' என்ற எதிர்பார்ப்பு நியாயமானது.

பக்க விளைவுகளும் உண்டு. கொலராடோ ஆய்வில் 14 விழுக்காட்டுப் பூனைகளுக்குத் தைராய்டு சுரப்பு குறைந்து மருந்து தேவைப்பட்டது. கதிர் பட்ட இடத்தில் முடி கொட்டலாம், நிறம் மாறலாம். அரிதாக, அருகில் உள்ள மூளைத் திசு பாதிக்கப்படலாம். ஒவ்வொரு முறையும் கொடுக்கும் மயக்க மருந்துக்கும் அதற்கே உரிய ஆபத்து உண்டு.

சிகிச்சை முடிந்த பிறகுதான் கூடுதல் கவனம்!

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதென்றால், இந்தப் பகுதியை வைத்துக்கொள்ளுங்கள்.

சிகிச்சைக்கு முன் உங்கள் பூனைக்கு ஒரு வேளைக்கு 12 யூனிட் இன்சுலின் தேவைப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். பூட்டில் சுவிங்கம் இருந்ததால் அவ்வளவு தேவைப்பட்டது. கதிரியக்கத்துக்குப் பிறகு ஒருநாள் அந்தச் சுவிங்கம் போய்விடும். எந்த நாள் என்று யாருக்கும் தெரியாது. சொல்லிவிட்டும் வராது.

அன்று அதே 12 யூனிட்டைப் போட்டால் சர்க்கரை அதலபாதாளத்துக்குப் போய்விடும். நேற்றுவரை போதாமல் இருந்த அதே அளவு இன்று உயிரைப் பறிக்கலாம்.

அதனால்தான் சிகிச்சைக்குப் பிந்திய மாதங்களில் வீட்டிலேயே சர்க்கரையைச் சோதிக்கச் சொல்கிறார்கள். காது ஓரத்தில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சோதிக்கலாம். மனிதர்கள் கையில் ஒட்டிக்கொள்ளும் சர்க்கரை உணர்கருவியையும் பூனையின் முதுகுப் பக்கம் ஒட்டிப் பயன்படுத்துகிறார்கள்.

சர்க்கரை மிகவும் குறைந்தால் தெரியும் அறிகுறிகள்:

• தள்ளாடுவது, பின்னங்கால் வலுவிழப்பது
• திடீர்ச் சோர்வு, கூப்பிட்டால் திரும்பாதது
• நடுக்கம்
• வலிப்பு, மயக்கம்

உடனே என்ன செய்யலாம்? விழுங்கும் நிலையில் இருந்தால் சாப்பாடு கொடுங்கள். முடியாவிட்டால் தேன் அல்லது குளுக்கோஸ் பாகைக் கொஞ்சமாக ஈறில் தடவுங்கள். வாய்க்குள் ஊற்ற வேண்டாம், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். வலிப்பு வந்தால் வாய்க்குள் விரலை விடாதீர்கள். தாமதிக்காமல் விலங்கு மருந்தகத்துக்குக் கொண்டுசெல்லுங்கள். தேன் தடவியதும் பூனை எழுந்து நடந்தாலும் போகத்தான் வேண்டும். இன்சுலின் இன்னும் உடலில் வேலை செய்துகொண்டிருக்கும்.

ஐஜிஎஃப்-1 அளவை மட்டும் நம்பி இருக்கவும் முடியாது. சர்க்கரை கட்டுக்குள் வந்த பிறகும் சில பூனைகளுக்கு அந்த அளவு உயர்வாகவே இருக்கும். சிகிச்சை வேலை செய்கிறதா என்பதற்கு வீட்டில் நீங்கள் எழுதிவைக்கும் சர்க்கரைக் குறிப்புதான் சிறந்த சாட்சி.

வேறு வழிகள் உண்டா?

உண்டு. மூன்று.

அறுவை சிகிச்சை: வாய் வழியாகச் சென்று பிட்யூட்டரியையே அகற்றுவார்கள். லண்டன் கல்லூரியில் இப்படிச் சிகிச்சை பெற்ற 68 பூனைகள் பற்றிய விவரம் 2021இல் வெளியானது. அவற்றில் 58 பூனைகள் நான்கு வாரத்துக்குப் பிறகும் உயிரோடு இருந்தன. அந்த 58இல் 41 பூனைகளுக்கு இன்சுலினை நிறுத்த முடிந்தது, அதுவும் இடைநிலைக் கணக்கில் ஒன்பதே நாளில். பலன் பெரிது. ஆபத்தும் பெரிது: 10 பூனைகள் பிழைக்கவில்லை. பிழைத்த பூனைகளுக்கும் அகற்றிய சுரப்பியின் வேலையைச் செய்ய மாற்று ஹார்மோன் மருந்துகள் தேவை. உலகில் மிகச் சில இடங்களில் மட்டுமே இதைச் செய்கிறார்கள்.

மருந்து: ஹார்மோன் சுரப்பைக் குறைக்கும் பாசிரியோடைட் ஊசி சில பூனைகளுக்கு நல்ல பலன் தந்திருக்கிறது. ஆனால் விலை மிக அதிகம். கேபர்கோலின் மாத்திரை மலிவு. பலன் பூனைக்குப் பூனை மாறுகிறது.

இன்சுலினை மட்டும் தொடர்வது: கட்டியை விட்டுவிட்டு, தேவையான அளவு இன்சுலினைக் கொடுத்துச் சமாளிப்பது. இது கைவிடுவது ஆகாது. வயது, இதயத்தின் நிலை, குடும்பத்தின் வசதி எல்லாவற்றையும் பார்த்து எடுக்கும் நியாயமான முடிவுதான். ஆனால் கட்டி தொடர்ந்து வளரும், இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் பாதிப்பு கூடும் என்பதைத் தெரிந்துகொண்டு எடுக்க வேண்டும்.

கட்டி ஏற்கெனவே பெரிதாகி, பூனை வட்டமாகச் சுற்றுவது, பார்வை மங்குவது, வலிப்பு போன்ற நரம்பு அறிகுறிகள் தெரிந்தால் காத்திருக்க அவகாசம் குறைவு.

மருத்துவரிடம் என்ன கேட்பது?

ஸ்கேன், கதிரியக்கம், பிந்திய கவனிப்பு எல்லாம் சேர்ந்தால் செலவு ஆயிரக்கணக்கான வெள்ளிக்குப் போகும். இதை எல்லாராலும் செய்ய முடியாது. முடியாவிட்டால் குற்ற உணர்வு கொள்ளவும் வேண்டாம். எந்த முடிவை எடுத்தாலும் அதற்கு முன் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்:

1. இன்சுலின் வேலை செய்யாததற்கான எளிய காரணங்களைப் பார்த்தாகிவிட்டதா?
2. ஐஜிஎஃப்-1 சோதனை செய்யலாமா? இப்போது அதற்குச் சரியான நேரமா?
3. பூனையின் இதயம் பல முறை மயக்க மருந்தைத் தாங்குமா?
4. கட்டி எவ்வளவு பெரிது? மூளையை அழுத்துகிறதா?
5. சிகிச்சை எங்கே கிடைக்கும்? எத்தனை முறை போக வேண்டும்? மொத்தச் செலவு எவ்வளவு?
6. பிறகு சர்க்கரையை எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்? எந்த அளவுக்குக் கீழே போனால் ஊசியை நிறுத்த வேண்டும்?
7. நள்ளிரவில் சர்க்கரை குறைந்தால் யாரை அழைப்பது?

ஆறாவது, ஏழாவது கேள்விகளுக்கான பதிலைத் தாளில் எழுதி வாங்கிக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டுங்கள். ஊசி போடுவது நீங்களாக இருக்கலாம், அம்மாவாக இருக்கலாம், வீட்டுப் பணிப்பெண்ணாக இருக்கலாம். யார் போட்டாலும் முதலில் சர்க்கரையைப் பார்த்துவிட்டுத்தான் போட வேண்டும்.

உங்கள் பூனைக்கு எவ்வளவு இன்சுலின் என்பதை மருத்துவர்தான் முடிவுசெய்வார். இந்தக் கட்டுரையை வைத்து அளவைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.